பழைய துப்பாக்கிக்கு வயது சொல்வது எது?

நொச்சிக்குப்பத்தை ஒட்டியுள்ள சாந்தோமை 1672இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். டச்சுக்காரர்களும் கோல்கொண்டா படையும் நெருக்க, 1674இல் கைவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள், மைசூர்ப் போர்கள். இந்தக் கரையில் வலையிலோ பரணிலோ கருமருந்துத் துப்பாக்கி ஒன்று அகப்பட்டால், அது யாருடையது, எந்தக் காலத்தது?

முதலில், மருந்து பற்றும் விதத்தைப் பாருங்கள். எரியும் திரியால் பற்றவைப்பது பழைய வகை. அடுத்தது சக்கிமுக்கிக் கல்லின் பொறி. மூன்றாவது, சுத்தியல்போன்ற குதிரை அடித்ததும் வெடிக்கும் கேப்பு. பிரிட்டிஷ் படைக்கு அது வந்தது 1840-களையொட்டி. ஆனால், நம் ஊர்களில் திரித் துப்பாக்கி 19ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. திரி இருப்பதாலேயே பழசாகிவிடாது.

பிறகு முத்திரை. கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கியின் விசைத் தகட்டில் 1808 வரை நான்காகப் பிரித்த இதயச் சின்னம். அதன்பின் நிமிர்ந்த சிங்கம். கிரீடத்தோடு ‘டவர்’ என்றிருந்தால் பிரிட்டிஷ் அரசுத் துப்பாக்கி.

புலிக்கோடுகள் இருந்தால் திப்பு சுல்தானின் பட்டறையாக இருக்கலாம். அங்கே ஆண்டை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அது திப்பு வகுத்த மௌலூதி ஆண்டு, ஹிஜ்ரி அல்ல. 1226 என்பதை ஹிஜ்ரியாக எடுத்தால் கி.பி. 1811 வரும். திப்பு இறந்தது 1799இல்! மௌலூதிக் கணக்கில் அது 1798.

முத்திரையையும் கண்மூடி நம்ப முடியாது. சக்கிமுக்கித் துப்பாக்கிகளைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றினார்கள். உடைந்த கட்டைக்குப் பதில் உள்ளூர்த் தச்சர் புதிது செய்தார். குழல் ஒரு காலம், விசை ஒரு காலம், கட்டை ஒரு காலம். எனவே ‘இந்த வடிவத்துக்கு எப்போது வந்தது’ என்ற கேள்விக்கு விடை, இருப்பதிலேயே புதிய பாகத்தில்தான் உள்ளது. மலைக் கிராமங்களில் அண்மைக்காலம் வரை செய்யப்பட்ட நாட்டுத் துப்பாக்கிகளும் துருவேறினால் இருநூறு வயதுபோலத் தோன்றும்.

அகப்பட்டதைத் தேய்க்காதீர்கள், துருவோடு முத்திரையும் போகும். கடலில் கிடைத்த இரும்பை உலரவிட்டால் உதிரும்; நல்ல தண்ணீரில் மூழ்கியே இருக்கட்டும். குழலுக்குள் பழைய மருந்து இருக்கக்கூடும்; நெருப்பருகே கொண்டுபோகாமல், முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால், சுட முடியுமா முடியாதா என்று நாமே தீர்ப்பெழுத முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் உள்ளன. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். படம் எடுத்துப் போனால் போதும்.