பட்டினி இருந்தால் தைராய்டு எடை குறையுமா?



இப்போதெல்லாம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேச்சு முடிந்ததும் எடை பேச்சு தொடங்கிவிடுகிறது. "செல்போன்ல பார்த்தேன் மேடம், தினமும் 16 மணி நேரம் சாப்பிடாம இருந்தா தைராய்டு உடம்பு கரைஞ்சிடுமாம். நெசமா?" என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பத்தில் நான்கு பெண்கள் எடை கூடுதலாக இருக்கிறார்கள். அதனால் இதை அழகு பற்றிய பேச்சு என்று ஒதுக்க முடியாது.

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருப்பதுதான் தைராய்டு சுரப்பி. இது குறைவாகச் சுரந்தால் உடம்பின் எல்லா வேலையும் மந்தமாகும். அசதி, மலச்சிக்கல், முடி உதிர்வு, குளிர் தாங்காமை, மாதவிடாயில் அதிகப் போக்கு எல்லாம் வரலாம். எடையும் கூடும். ஆனால் எவ்வளவு தெரியுமா? பொதுவாக 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் தங்கும் உப்பும் நீரும்தான். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அது வடியும். 15 கிலோ கூடியிருந்தால் எல்லாப் பழியையும் தைராய்டு மேல் போட முடியாது.

சரி, அந்த 16 மணி நேரம்?

ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மீதி நேரம் தண்ணீர் மட்டும் குடிப்பது இந்த முறை. சீனாவில் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் கவனித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் சாப்பாட்டின் அளவைக் குறைத்தார்கள். பாதிப்பேர் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது. நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ. இது பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆக, எடையைக் குறைப்பது சாப்பாட்டின் அளவு. கடிகாரம் அதற்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், நம்மில் பலர் பேர் வைக்காமலே பட்டினி இருக்கிறோம். காலையில் வெறும் டீ, களை எடுக்கப் போய் 11 மணிக்கு மேல்தான் சோறு, ராத்திரி எல்லோருக்கும் போட்டுவிட்டு 10 மணிக்கு மிச்சம் இருக்கிற சோற்றை மொத்தமாகச் சாப்பிட்டுப் படுப்பது. நடுவில் நாலு டீ. டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு நாளைக்கு எட்டு ஸ்பூன்! இதோடு இன்னொரு பட்டினியும் சேர்ந்தால் மயக்கம்தான் வரும். அதைவிட ராத்திரி சாப்பாட்டை 7 மணிக்குக் கொண்டு வாருங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு முன்னால் பெண் சாப்பிட்டால் தப்பு என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரை, பயறு, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். 7 மணிக்குச் சாப்பிட்டு மறுநாள் 7 மணிக்குச் சாப்பிட்டாலே 12 மணி நேரம் ஆகிறது. வயல் வேலை, சித்தாள் வேலை செய்பவர்களுக்கு இது போதும் என்பது என் கருத்து. ரொம்ப நாள் கடும் பட்டினி இருந்தால் உடம்பு தைராய்டு ஹார்மோனின் செயலையே குறைத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்த விஷயம்.

எனக்கு அதிகக் கவலை தருவது மாத்திரைதான். ஒரு குழுவில் ஒரு அக்கா இரண்டு மாதமாகத் தைராய்டு மாத்திரையே போடவில்லை. "விரதத்துல எதுவும் வாயில போடக்கூடாதுல்ல?" என்றார். எடை குறையவில்லை, முகம் வீங்கி, படி ஏற முடியாமல் இருந்தார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், அதனால் பட்டினிக்கு அது தடையே இல்லை. காலையில் எழுந்ததும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீ குடிக்கலாம். டீயோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்து ஒரே வாயில் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு, அதை விடுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ரத்தசோகை உள்ளவர்கள் பட்டினி முறைக்கே போக வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். சர்க்கரை திடீரென இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையின் அளவு மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எடை நன்றாகக் குறைந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டி வரலாம். பரிசோதனை எங்கே செய்யலாம் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் மாத்திரை டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.