எருக்கையும் ஏற்றருளும் இறைவன்

விநாயக சதுர்த்திக்கு முந்தைய நாள் கடைவீதிகளில் எருக்கம்பூ மாலைகள் குவிந்து கிடக்கும். ஆண்டின் ஏனைய நாட்களில் அச்செடியை ஏறிட்டுப் பார்ப்பவர் அரிது. ஆற்று மணல், கடலோர மேடு, தரிசு நிலம், ரயில் பாதையோரம் என்று விதைப்பாரும் நீர் வார்ப்பாரும் இல்லாத இடங்களில் தானே முளைத்துத் தழைப்பது எருக்கு. தடித்த இலைகளும் ஆழமாக இறங்கும் வேரும் அதைக் கோடையிலும் வாடாமல் காக்கின்றன. கிள்ளினால் வடியும் பால் நஞ்சாதலால் ஆடுமாடுகளும் பெரும்பாலும் அதைத் தீண்டுவதில்லை.

வேலிக்கு வெளியே நிற்கும் இந்தச் செடி, கருவறைக்குள் இடம் பெற்றது எவ்வாறு?

இதற்கான விடை சங்க நூலிலேயே உள்ளது. புறநானூற்றின் 106-ஆம் பாடலில் கபிலர், பாரி வள்ளலின் கொடையைச் சொல்ல எருக்கையே உவமையாக எடுத்துக்கொள்கிறார். நல்லவை என்றோ தீயவை என்றோ எண்ணப்படாத எருக்கம்பூவாக இருந்தாலும், அன்பர் கொணர்ந்ததைத் தெய்வம் வேண்டாம் என்று ஒதுக்காது. அதுபோல, அறியாதவரும் எளியவரும் சென்றாலும் பாரி அவர்களை ஏற்று வழங்குவான் என்பது அதன் கருத்து. மல்லிகையும் தாமரையும் வாங்க இயலாதவருக்கும் வழிபாட்டில் பங்கு உண்டு என்னும் உறுதி, அக்காலத்திலேயே நம் மண்ணில் வேரூன்றியிருந்தது.

விருத்தாசலத்தை அடுத்த இராஜேந்திரப்பட்டினத்தின் பழம்பெயர் திருஎருக்கத்தம்புலியூர். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற இத்தலத்தின் தலவிருட்சம் வெள்ளெருக்கு. அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவதரித்த ஊரும் இதுவே. பாணர் குலத்தவரான அவர் மதுரையில் திருக்கோயிலின் வாயிற்புறத்தே நின்று யாழ் இசைத்தார். ஆலவாய் அண்ணலோ, அடியார்களின் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்துவரப் பணித்தார். தரையின் ஈரம் யாழைத் தாக்காதிருக்கப் பொற்பலகையும் இடச் செய்தார் என்கிறது பெரியபுராணம். எருக்கு தலமரமான ஊரில் பிறந்த அடியவரை வாயிலிலிருந்து இறைவன் உள்ளே அழைத்தான் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

வடமொழியில் எருக்கின் பெயர் அர்க்கம். கதிரவனுக்கும் அதுவே பெயர். முதற் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சூரியனார் கோயிலின் தலவிருட்சமும் வெள்ளெருக்கே. சாபம் நீங்கத் தவமிருந்த நவக்கிரகங்கள், எருக்கிலையில் தயிரன்னம் வைத்து உண்டதாக அத்தல புராணம் கூறும். ரத சப்தமியன்று ஏழு எருக்கிலைகளை உடலில் வைத்து நீராடும் வழக்கம் இன்றும் இல்லங்களில் தொடர்கிறது.

இத்தனை பெருமையே இப்போது அச்செடிக்கு இடையூறாகிவிட்டது. வெள்ளெருக்கு வேரில் செய்த விநாயகரை வீட்டில் வைத்தால் நலம் பெருகும் என்னும் நம்பிக்கையால், பல ஆண்டுகள் முற்றிய செடிகள் வேரோடு தோண்டப்படுகின்றன. பூவைப் பறித்தால் செடி மீண்டும் பூக்கும். வேரைப் பறித்தால் அதோடு முடிந்துவிடும். எருக்கிலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும், அதன் பூக்களை நாடிவரும் கருவண்டுகளும் அந்தச் செடியை நம்பியே வாழ்கின்றன. தானாக வந்து தன்னைத் தந்த செடியை அழித்துத்தான் ஆனைமுகனை வணங்க வேண்டுமா? நாலு பூவைக் கிள்ளிச் சாத்தினாலே அவன் மகிழ்வான்.

வெள்ளெருக்கை வளர்ப்பதும் எளிது. பஞ்சோடு பறக்கும் விதை கொஞ்சம் மணலும் வெயிலும் கிடைத்தால் முளைத்துவிடும். கோயில் நந்தவனத்தின் மூலையில் ஒரு செடி இருந்தால், சதுர்த்திதோறும் பூவுக்கு அலைய வேண்டியதில்லை.

பூப்பறிக்கும் பெரியோர் ஒன்றை மறவாதிருத்தல் நலம். எருக்கம்பால் கண்ணில் பட்டால், வலி அதிகம் இல்லாதபோதும் பார்வை மங்கக்கூடும். பறித்த கையால் கண்ணைத் தொடாமல் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பால் கண்ணில் பட்டுவிட்டால் தூய நீரால் நெடுநேரம் அலசி, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தல புராணத்தைக் கேட்டு எருக்கிலையில் உண்பதோ, கைமருந்தாக அதை உட்கொள்வதோ கூடாது.

அடுத்த முறை பாதையோரத்தில் ஊதாவும் வெண்மையுமாகப் பூத்து நிற்கும் எருக்கைக் காணும்போது, களை என்று கடந்து போக மனம் வராது. உலகம் ஒதுக்கியதை இறைவன் ஏற்றான் என்பதற்கு, வெயிலில் நின்று சாட்சி சொல்லும் செடி அது.