பிறர் கையில் இருந்த பாதுகாப்பு: பனிப்போர்க் காலத்துக் குர்து மக்கள்



இந்த நினைவுரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது குர்து மக்களின் வரலாற்றில் இரண்டு ஆண்டுகள்: 1946, 1975. முதல் முறை அவர்களுக்குத் துணை நின்றது சோவியத் ஒன்றியம். இரண்டாம் முறை அமெரிக்கா. இரண்டும் ஒரே விதமாக முடிந்தன. சிறுபான்மை மக்களின் உரிமை எதன்மேல் நிற்க வேண்டும் என்பது நம்முடைய கேள்வியும் ஆதலால் இதை இங்கே பேசுகிறோம்.

முதல் உலகப்போருக்குப் பின் ஒட்டோமான் பேரரசு சிதறியது. 1920-இல் கையெழுத்தான செவ்ரே ஒப்பந்தம் குர்து மக்களின் தன்னாட்சிக்கு இடம் வைத்திருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 1923-இன் லொசான் ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. துருக்கி, ஈரான், இராக், சிரியா என நான்கு நாடுகளின் ஓரங்களிலும் அவர்கள் சிறுபான்மையினராக நின்றார்கள். ஒரு நாடு என்றால் ஒரே மொழி, ஒரே பண்பாடு என்று சொல்லும் தேசியம் அப்போது ஓங்கியிருந்தது. ஈரானில் ரெசா ஷா பள்ளிகளில் பாரசீகம் தவிர வேறு மொழிக்கு இடம் தரவில்லை. குர்து மரபு உடைக்கும் தடை போட்டார்.

1941 ஆகஸ்டில் சோவியத் படையும் பிரிட்டிஷ் படையும் ஈரானுக்குள் நுழைந்தன. ரெசா ஷா பதவி இழந்தார். தெஹ்ரானின் பிடி தளர்ந்த இடைவெளியில் 1946 ஜனவரி 22-இல் மஹாபாத் நகரச் சதுக்கத்தில் குர்துக் குடியரசு அறிவிக்கப்பட்டது. தலைவர் காஜி முகம்மது. பள்ளியிலும் அலுவலகத்திலும் அச்சிலும் குர்து மொழி வந்தது. இராக்கிலிருந்து முல்லா முஸ்தபா பர்சானி தன் போராளிகளோடு வந்து துணை நின்றார்.

மாஸ்கோவின் கணக்கு வேறாக இருந்தது. வட ஈரானின் எண்ணெய் அதற்குத் தேவைப்பட்டது. 1946 ஏப்ரலில் ஈரான் பிரதமர் கவாமுடன் எண்ணெய் உடன்பாடு கையெழுத்தானது. ஈரான் ஐ.நா. பாதுகாப்பு அவையில் முறையிட்டிருந்தது. அமெரிக்காவும் அழுத்தம் தந்தது. மே மாதம் சோவியத் படை வெளியேறியது. டிசம்பரில் ஈரான் படை மஹாபாத்தில் நுழைந்தது. 1947 மார்ச் 31-இல், குடியரசு அறிவிக்கப்பட்ட அதே சதுக்கத்தில் காஜி முகம்மது தூக்கிலிடப்பட்டார். சோவியத்துக்கு எண்ணெயும் கிடைக்கவில்லை: அந்த உடன்பாட்டை 1947 அக்டோபரில் ஈரான் நாடாளுமன்றம் நிராகரித்தது.

பர்சானி சோவியத் ஒன்றியத்தில் தஞ்சம் புகுந்து, 1958 புரட்சிக்குப் பின் இராக் திரும்பினார். 1970 மார்ச் 11-இல் பாக்தாத் அரசு குர்து தன்னாட்சிக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் எண்ணெய் வளம் மிக்க கிர்குக் யாருக்கு என்பது தீரவில்லை. 1972 ஏப்ரலில் இராக் சோவியத்துடன் நட்பு ஒப்பந்தம் செய்தது. அடுத்த மாதம் நிக்சன் தெஹ்ரான் வந்தார். ஷாவின் வேண்டுகோளை ஏற்று, சி.ஐ.ஏ. வழியாகக் குர்து போராளிகளுக்கு ரகசிய உதவி போனது. பர்சானிக்குத் தஞ்சம் தந்த நாடு இப்போது பாக்தாதுக்கு ஆயுதம் தந்தது.

1974-இல் போர் மூண்டது. 1975 மார்ச் 6-இல் அல்ஜியர்ஸில் ஷாவும் சதாம் ஹுசைனும் கைகுலுக்கினார்கள். ஷத் அல் அராப் ஆற்றில் ஷா கேட்ட எல்லைக்கோடு கிடைத்தது; குர்து மக்களுக்கான உதவி உடனே நின்றது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈரானுக்குள் அகதிகளாய் ஓடினார்கள். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று பின்னர் இதை விசாரித்தது. குர்து மக்கள் வெல்வதை உதவியவர்கள் விரும்பவே இல்லை, இராக்கை இளைக்க வைக்கும் அளவுக்குச் சண்டை நீடித்தால் போதும் என்றுதான் எண்ணினார்கள் என்பதை அதன் அறிக்கை எழுதியது.

இதற்காகக் குர்து மக்களைக் குறை சொல்வது நியாயமாகாது. ஒடுக்கும் அரசு ஒருபுறம் நிற்க, நீண்ட கை அது ஒன்றுதான். நீட்டிய கை தன் தேவை தீர்ந்ததும் மடங்கியது. வல்லரசுக்கு எல்லைப்புற மக்கள் பேரம் பேசும் பண்டம். அவர்கள் வாழ்வது அதன் நோக்கத்தில் இல்லை. அது சிவப்புக் கொடி வல்லரசா, டாலர் வல்லரசா என்பதால் இந்த விதி மாறவில்லை.

உள்ளே இருந்த கேள்வியையும் நாம் தவிர்க்கக் கூடாது. மஹாபாத் அரசு நிலத்தைத் தொடவில்லை. ஆகாக்கள் எனப்படும் குலத்தலைவர்களை நம்பியே அது நின்றது. சோவியத் படை போனதும் அவர்களில் பலர் தெஹ்ரானோடு சமரசம் செய்துகொண்டார்கள். அதே நாட்களில் பக்கத்துத் தப்ரீஸில் அமைந்த அஜர்பைஜான் தன்னாட்சி அரசு நிலம் பகிர்ந்தது. அதுவும் டிசம்பரில் வீழ்ந்தது. ஆகவே நிலம் பகிர்ந்திருந்தால் மஹாபாத் பிழைத்திருக்கும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் விடுதலை அறிவிப்புக்குப் பின்னும் ஆகாவின் வயலில் உழுதவர் அவருக்குக் கட்டுப்பட்டே உழுதார். தேசம் விடுதலை பெற்றால் அதற்குள் கீழே கிடப்பவர் விடுதலை பெறுவாரா என்பது அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி.

காஜி முகம்மது தூக்கிலேறிய அதே 1947 மார்ச்சில்தான் அம்பேத்கர் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற மனுவை எழுதி முடித்தார். பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை அவர் பாதுகாப்பாக ஏற்கவில்லை. உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும், விவசாய நிலம் அரசின் உடைமையாகிக் குத்தகைக்கு விடப்பட வேண்டும், அதில் சாதி, மத வேறுபாடு கூடாது என்றார். இரு களங்களும் வேறு. ஆனால் யாருடைய மனம் மாறினாலும் பறிபோகாத உரிமை வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

எல்லைப்புற மக்களுக்காக ஒரு வல்லரசு குரல் கொடுக்கும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம். அதற்குக் கைம்மாறாக அது எதைப் பெறுகிறது? அது விலகிய மறுநாள் அந்த மக்களிடம் எது மிஞ்சும்? மிஞ்சுவதில் நிலமற்றவருக்கும் பெண்ணுக்கும் பங்கு உண்டா? ஒடுக்கப்பட்டோரோடு தோழமை என்று நாம் சொல்வது இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கட்டும்.