இரைப்பையின் எந்த ஓரம்?

உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தால், நோயுள்ள பகுதியை வெட்டி எடுப்பதோடு வேலை முடிவதில்லை. சோறு இறங்க வேறு வழி அமைத்தாக வேண்டும். அதற்கு மருத்துவர்கள் முதலில் நாடுவது இரைப்பையைத்தான். அதைக் குறுகிய குழாயாக்கி, மார்புக்கோ கழுத்துக்கோ இழுத்து, மிச்சமுள்ள உணவுக்குழாயோடு தைப்பார்கள்.

இரைப்பையின் இடப்பக்கம் புடைத்த ஓரம் பெருவளைவு. வலப்பக்கம் உள்வாங்கிய ஓரம் சிறுவளைவு. குழாய் உருவாவது பெருவளைவிலிருந்து. அதையொட்டி வலமிருந்து வரும் தமனி ஒன்றே குழாய்க்கு உயிர் கொடுக்கிறது. சிறுவளைவுக்கு மேலிருந்து வரும் தமனியை விட்டுவைக்க முடியாது. புற்று பரவும் நிணநீர்க் கணுக்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

ஏற்கெனவே எடை குறைக்க அறுவை செய்துகொண்டவர் இதே நோயோடு வந்தால்? உடற்பருமனே உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் வரும் ஒருவகைப் புற்றுக்குக் காரணங்களில் ஒன்று என்பதால் இது வெறும் கற்பனை அல்ல.

எடை குறைக்கும் அறுவைகளில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கு போய்விடுகிறது, போவது பெருவளைவு. மிஞ்சுவதும் வாழைப்பழம் போன்ற குழாய்தான், பாதி வேலை முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் நிற்பது வேண்டாத ஓரம்; அதற்கு ரத்தம் தருவதோ வெட்டப்படவேண்டிய தமனி. பெரும்பாலும் அந்தக் குழாயைப் பயன்படுத்த முடியாது.

இன்னொரு வகையான பைபாஸ் பார்வைக்குச் சிக்கலானது. இந்த விஷயத்தில் அதுவே கருணையுள்ளது என்பேன். மேலே சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலோடு இணைக்கிறார்கள். பெரிய இரைப்பை, தன் தமனியோடு, சோறு காணாமல் உள்ளேயே கிடக்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் அதைக் குழாயாக்கலாம். வாய்வழி எண்டோஸ்கோப்பி அங்கே எளிதில் எட்டாது என்பதுதான் தொல்லை.

இரைப்பை கைகொடுக்காதபோது குடல்தான் கதி. சிறுகுடலை உணவுக்குழாய்க்கு மாற்றாக 1907இல் பயன்படுத்தியவர் சுவிட்சர்லாந்தின் சீசர் ரூ. பைபாஸில் குடலை இணைக்கும் ஒய் வடிவத்துக்கும் அவர் பெயர்தான். சிறுகுடலைக் கழுத்துவரை கொண்டுபோனால் அதன் மேல்முனைக்கு ரத்தம் எட்டாமல் போகலாம். அப்போது நுண்ணோக்கியின் கீழ் அதன் ரத்தக்குழாயை மார்பின் ரத்தக்குழாயோடு தைக்கவேண்டும். பெருங்குடல் நீளம் தரும். ஆனால் ஓர் இணைப்புக்குப் பதில் மூன்று, ஒவ்வொன்றிலும் கசியும் அபாயம்.

ஆகவே மருத்துவர் முதலில் கேட்பது பழைய அறுவைக் குறிப்பை. “வயிற்றைச் சின்னதாக்கினாங்க” என்ற பதில் போதாது. ஸ்லீவா, பைபாஸா என்பது தெரிந்தாகவேண்டும். பிறகு சி.டி. ஸ்கேனில் பெருவளைவையொட்டிய அந்த ஒற்றைத் தமனியைத் தேடுவார்.