கூரைச் சேதமும் துணைக் கோரிக்கையும்

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அமெரிக்காவின் டெக்ஸஸ், கொலராடோ பகுதிகளில் ஆலங்கட்டி மழை கூரைகளைப் பாழாக்கும். நமக்கு ஆலங்கட்டி அபூர்வம், புயல் அபூர்வமன்று. கூரைக்கு நஷ்டஈடு கேட்கும் முறையோ இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே.

என்னிடம் பயின்ற ஒருவர் திண்டிவனத்தில் கூரை வேலை ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறார். அவ்வூரில் ஒரு மூதாட்டியின் சீமை ஓட்டு வீட்டின்மீது, புயலன்று வேப்பமரக் கிளை முறிந்து விழுந்தது. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. கம்பெனியின் சர்வேயர் வந்து, தரையில் நின்றபடி உடைந்த ஓடுகளை எண்ணி ஒரு தொகை குறித்துச் சென்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. நனைந்த ஓட்டின்மேல் ஏறினால் இன்னும் பத்து ஓடு உடையும் என்பதை எந்தக் கொத்தனாரும் சொல்வார்.

ஓடுகளைப் பிரித்த பின்னரே, ரீப்பர்கள் வரிசையாக முறிந்திருப்பதும், மூன்று கைமரங்கள் நீளவாக்கில் பிளந்திருப்பதும் தெரிந்தன. என் மாணவர் உடனே வேலையை நிறுத்தினார்; தார்ப்பாய் கட்டி மூடினார்; விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும்" என்றார்.

வேலையை நிறுத்தியது ஏன்? முறிந்த மரத்தை அகற்றிப் புதியதைப் பொருத்திவிட்டால், பிறகு காட்டுவதற்குச் சான்று ஏது? முதல் மதிப்பீட்டில் அகப்படாத நஷ்டத்தைக் கேட்பதே துணைக் கோரிக்கை. அதைப் பழுது பார்க்குமுன் கேட்க வேண்டும். கோரிக்கைக்கு உரியவர் பாலிசிதாரர். ஆகவே கடிதத்தில் கையொப்பம் அம்மூதாட்டியுடையது. ஒப்பந்தக்காரர் தருவது அளவும் விலையுமே.

கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் தரமாட்டோம் அல்லவா? இங்கும் அப்படியே. "மரவேலை, இவ்வளவு ரூபாய்" என்றெழுதினால் பயனில்லை. எந்த மரம், எத்தனை அடி நீளம், என்ன கனம், அடி என்ன விலை, ஆசாரிக்கு எத்தனை நாட்கூலி என்று வழியைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பிளவின் அருகிலும் அளவுநாடாவை வைத்துப் படம் பிடித்தோம். முதல் மதிப்பீட்டில் வந்தவற்றை மறுபடியும் சேர்க்கவில்லை. இடிபாடுகளை அகற்றும் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுப் பாலிசியில், கோரிக்கைத் தொகையில் 2 சதவீதம் வரை அதற்கு இடமுண்டு.

நான்காவது கைமரம் ஒன்றும் முறிந்திருந்தது. "அதையும் சேர்த்துவிடுங்கள் சார், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் மூதாட்டியின் மகன். ஆனால் அது கரையான் அரித்த மரம். புயலில் பிளந்த மரத்தின் உட்புறம் வெளுத்து, சிம்புகள் கூர்மையாக நிற்கும். கரையான் தின்றது மண் படிந்து உதிரும். நாட்பட்ட அரிப்புக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பன்று. பொய் கலந்தால் மெய்யான கோரிக்கையும் தள்ளுபடியாகலாம். என் மாணவர் எழுத மறுத்தார். எனக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

கம்பெனி மறுத்தால் வழியே இல்லையா எனக் கேட்பீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும், அங்கும் தீராவிடில், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மன் அலுவலகத்திற்கு ஓராண்டுக்குள் முறையிடலாம், கட்டணமில்லை. எங்களுக்கு அவ்வளவு தூரம் போக நேரவில்லை. சர்வேயர் மீண்டும் வந்தார். இம்முறை ஏணியில் ஏறினார். கரையான் மரத்தைத் தனியே ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, மற்ற மூன்றைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ரீப்பர்களும் மூன்று கைமரங்களும் ஏற்கப்பட்டன. நான்காவதை மூதாட்டி தம் சேமிப்பிலிருந்து வாங்கினார். தார்ப்பாய்க்கு மட்டும் ரசீது இல்லாததால் பணம் கிடைக்கவில்லை. அதை என் மாணவர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.