கட்டணம் வடிவமைக்கும் பூங்கா

திண்டுக்கல்லில் திருவிழா, பொருட்காட்சி என்றால் ராட்டினத்துக்கு ஒரு சீட்டு, கொலம்பஸுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு ஆட்டமும் தன் வருமானத்தைத் தானே தேட வேண்டும். அதனால்தான் அத்தனை விளக்கு, அத்தனை ஒலிபெருக்கி. 1955இல் அமெரிக்காவில் திறந்த டிஸ்னிலேண்டிலும் இப்படித் தனித்தனிச் சீட்டுதான். வாசலிலேயே மொத்தக் கட்டணம் என்ற முறைக்கு அது முழுதாக மாறியது 1982இல்.

மொத்தக் கட்டணம் வந்ததும் கணக்கு மாறுகிறது. வாசலில் வாங்கும் பணம் ஒருமுறைதான். அதன்பின் லாபத்துக்கு வழி இரண்டு: ஒரு தலைக்கு ஆகும் செலவைக் குறைப்பது, வந்தவரை நாள் முழுக்க இருக்கவைத்து, சாப்பாடு, நீச்சலுடை, லாக்கர் என்று செலவழிக்க வைப்பது.

இரண்டுக்கும் பொருந்தும் இயந்திரம் அலைக்குளம். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் சில அறைகள் இருக்கும். அவற்றுக்குள் காற்றை அழுத்தினால் அறையின் நீர்மட்டம் இறங்கும். காற்றை விடுவித்தால் ஏறும். மாறி மாறி இப்படிச் செய்யும்போது நீர் அலையாகிக் கரைக்கு ஓடும். ரோலர் கோஸ்டரில் ஒரு நடைக்குச் சில பத்துப் பேர். இங்கே நூற்றுக்கணக்கானோர், வரிசையே இல்லாமல். மதுரைச் சாலையில் பரவை 'அதிசயம்' தொடங்கி மேட்டுப்பாளையம் 'பிளாக் தண்டர்' வரை பூங்காக்களில் தண்ணீரே பிரதானமானதற்கு வெயில் பாதிக் காரணம், இந்தக் கணக்கு மீதிக் காரணம்.

கொச்சியில் 2000இல் 'வீகாலேண்ட்' பூங்காவாகத் தொடங்கிய வொண்டர்லா நிறுவனம், 2014இல் பங்குச்சந்தைக்கு வந்தது. இதே கணக்கைத்தான், எத்தனை பேர் வந்தார்கள், தலைக்கு எவ்வளவு வருமானம் என்று காலாண்டுதோறும் முதலீட்டாளர்களுக்குச் சொல்கிறது. 2025 டிசம்பரில் சென்னை அருகே திறந்த அதன் பூங்காவில், சுவிட்சர்லாந்து நிறுவனம் செய்த ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சையை நினைவூட்டும் 'தஞ்சோரா' என்று பெயர். ஊரின் பெருமைக்கும் சந்தை மதிப்பு உண்டு என்பதை நிறுவனங்கள் அறிந்திருக்கின்றன.

லாபம் தேடுவது குற்றமல்ல. லாபமில்லாத பூங்காவில் பராமரிப்பும் பாதுகாப்பும் நிலைக்காது. ஆனால், உள்ளூர் அடையாளம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடக் கூடாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் உள்ளே நெம்புகோல்கள் நகர்வதைப் பெரிதாக்கிக் காட்டும் ஓர் அரங்கு இந்த வட்டாரப் பூங்கா ஒன்றில் இருந்தால், பிள்ளைகள் விளையாடிக்கொண்டே நம் ஊரின் கைத்திறனை அறிவார்கள். காசு கொடுப்பவர்கள் நாம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்போம்.