டீஸல் எஞ்சினின் தணியாத உஷ்ணம்

மும்பை கிங்ஸ் சர்க்கிளின் நெரிசலில் நிற்கும் பழைய டீஸல் காரில் உஷ்ணமானியின் முள் ஏறுவதுண்டு. 1980-இல் வெளிவந்த டீஸல் அம்பாஸிடர் போன்றவற்றில் விசிறியை எஞ்சினே சுழற்றுவதால், வண்டி நிற்கையில் காற்றோட்டம் குறையும். வண்டி ஓடியதும் உஷ்ணம் தணிந்தால் விசிறி பெல்ட்டைச் சோதித்தல் தகும். ஓட்டத்திலும் தணியாவிடில் ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டிருக்கலாம்.

இவற்றைச் சீர்செய்தும் குறை நீங்காவிடில், ஸிலிண்டர் ஹெட் காஸ்கெட்டையே ஐயுறல் வேண்டும். டீஸல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்குவது. ஆதலின் சிறு கசிவும் எரிந்த வாயுவை நீருக்குள் தள்ளிவிடும். எஞ்சின் முற்றும் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை இயக்கிப் பார்க்கலாம். நீரில் குமிழிகள் ஓயாது எழுமாயின் ஐயம் வலுப்படும். (சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் ஆகாது, கொதிநீர் சீறி முகத்தைச் சுட்டுவிடும்.) தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவாருமுளர்; அது கசிவை அடைக்காது. நாள் கடத்தினால் ஹெட் கோணிப்போகும்; அதனைச் சமன்செய்யாது காஸ்கெட்டை மட்டும் மாற்றினால் கசிவு மீண்டும் தோன்றும்.